முன் தவணையும் பின் தவணையும்



கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்க்குத் 'தவணை' என்ற சொல் புதிதன்று. சாமானை வாங்கிவிட்டுப் பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டுவதையும் தவணை என்கிறோம். கொடுக்க இயலாதவனுக்கு 'இன்னும் ஒரு மாதம் பொறுத்துக் கொடு' என்று அவகாசம் தருவதையும் தவணை என்றே சொல்லுகிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றியே இந்தப் பாடத்தில் சிறிது எழுத எண்ணுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும், அதற்குப் பின் கல்லாப்பெட்டியுமே எனக்குப் பாடம் சொன்னவை. ஆகவே மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் கணக்கை மட்டும் சொல்லுகிறேன்.

கணக்கு

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே சம்பளம். இருவருக்கும் 1,800 வெள்ளி விலையுள்ள கைப்பேசியின்மேல் ஆசை. முதலாமவர் மாதம் 150 வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதம் ஒதுக்கிச் சேர்த்து, அதன் பிறகு வாங்குவதென்று தீர்மானிக்கிறார். இதை முன் தவணை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் இன்றைக்கே வாங்கிக்கொண்டு, மாதம் 150 வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுவதாக ஒப்புக்கொள்கிறார். இது பின் தவணை. கணக்கு எளிதாக இருக்கவேண்டி, வட்டியே கிடையாது என்றும் கொள்வோம்.

நல்ல காலத்தில் இவ்விருவருக்கும் வித்தியாசம் தெரியாது. இருவர் பையிலிருந்தும் மாதம் 150 வெள்ளி போகிறது. உண்மையைச் சொன்னால், இரண்டாமவரே கெட்டிக்காரர் போலத் தோன்றுவார்.

ஆறு மாதம் கழிகிறது. இருவரும் வேலை செய்த இடம் மூடப்படுகிறது. இப்பொழுது முதலாமவர் கையில் 900 வெள்ளி இருக்கிறது. இரண்டாமவர் தலையில் 900 வெள்ளி பாக்கி இருக்கிறது. ஒரே சம்பளம், ஒரே 150 வெள்ளி. ஆனால் ஆறே மாதத்தில் இருவருக்குமிடையே 1,800 வெள்ளி தூரம் விழுந்துவிட்டது. 'அவரிடம் கைப்பேசி இருக்கிறதே' என்று கேட்பீர்கள். ஆறு மாதம் பழகிய கைப்பேசி என்ன விலைக்குப் போகும் என்பது வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கஷ்ட காலம் எல்லாருக்கும் வருகிறது. முன் தவணை கட்டியவனுக்கு அது துணையோடு வருகிறது. பின் தவணை கட்டுபவனுக்கு வசூல்காரனோடு வருகிறது. இதுதான் இன்றைய பாடம். இனி இதற்குச் சாட்சிகளைப் பார்ப்போம்.

நம் ஊர் ஈயம்

காம்பாரைச் சுற்றிலும் கிடக்கும் ஈயக்குட்டைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். 2007-ஆம் ஆண்டு இங்கே வந்த துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகமும் பழைய லம்பத்து நிலத்தின்மேல் எழுந்ததுதான். கிந்தாப் பள்ளத்தாக்கை ஈயம் வாழவைத்தது. அந்த வாழ்வு ஏன் போயிற்று? மண்ணில் ஈயம் குறைந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் கடன்.

ஈய விலை விழுந்துவிடாமல் தாங்குவதற்குச் சர்வதேச ஈய மன்றம் என்று ஓர் அமைப்பு இருந்தது. ஈயம் எடுக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் அதில் அங்கத்தினர். விலை இறங்கும்போது மன்றம் சந்தையில் ஈயத்தை வாங்கிச் சேர்த்து வைக்கும். 1980-களின் தொடக்கத்தில் ஈயத்துக்குத் தேவை குறைந்தது. மன்றத்தில் சேராத பிரேசில் மலிவாக ஈயத்தைக் கொண்டுவந்து கொட்டியது. மன்றமோ, கைப்பணம் போதாமல் வங்கிகளிடமும் தரகர்களிடமும் கடன்பட்டு வாங்கிக்கொண்டே போயிற்று. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி, 'இனிக் கையில் பணம் இல்லை' என்று அறிவித்துவிட்டது. அதன் தலையில் இருந்த கடன் ஏறத்தாழ 90 கோடி பவுன். லண்டனில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. கோலாலம்பூர் ஈயச் சந்தையும் அடைபட்டு, 1986 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. லண்டனில் வாங்கிய பின் தவணைக்குக் காம்பாரில் மண் வாரியவன் பதில் சொல்ல நேர்ந்தது.

1997

அடுத்த சாட்சி நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. தாய்லாந்துக் கம்பெனிகள் டாலரில் குறுகிய காலக் கடன் வாங்கிக் கட்டடமும் நிலமுமாகக் குவித்தன. டாலருக்கு 25 பாட் என்ற விலை என்றும் மாறாது என்று நம்பின. 1997 ஜூலை 2-ஆம் தேதி பாட்டின் பிடி தளர்ந்தது. காய்ச்சல் இந்தோனேசியா, கொரியா, மலேசியா என்று பரவியது. டாலருக்கு 2.50 வெள்ளியாக இருந்த நமது நாணயம் 1998 ஜனவரியில் 4.80-ஐத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி அரசாங்கம் 3.80 என்று கட்டிவைத்தது. அந்தக் கட்டு 2005 ஜூலை 21 வரை இருந்தது.

அந்நாளில் நான் அத்தாவின் கடையில் சிட்டை எழுதும் பையன். பேரேட்டில் அப்பொழுது கண்ட ஒரு விஷயம் இன்றும் மனத்தில் நிற்கிறது. கடைக்கு வராமல் எதிர்வரிசை அஞ்சடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் குறைந்த சம்பளக்காரர்கள் அல்லர். தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் முன்னைப்போலவே வந்து, குறைத்து வாங்கி, முடிந்ததைக் கட்டினார்கள். ஒளிந்து போனவர்கள் காருக்கும் கட்டில் மெத்தைக்கும் பெரிய டெலிவிஷனுக்கும் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள். சம்பளம் வந்த அன்றே அது மற்றவர்க்குச் சொந்தமாகிவிடும். அரிசிக்கும் சீனிக்கும் மிஞ்சுவது கடைக்காரனின் பொறுமை ஒன்றுதான்.

கொரியாவின் மோதிரம்

கொரியாவில் நடந்ததையும் கேளுங்கள். 1998-இன் தொடக்கத்தில், நாட்டின் கடனை அடைப்பதற்காக ஜனங்கள் வரிசையில் நின்று தங்கள் தங்கத்தைக் கொடுத்தார்கள். கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதலாண்டு மோதிரத்தையும் கழற்றித் தந்தவர்கள் பலர். சுமார் 35 இலட்சம் பேர் சேர்ந்து கொடுத்த தங்கம் ஏறத்தாழ 227 டன். கேட்பவர் கண் கலங்கும் செய்தி இது.

அதே ஜனங்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் என்ன நேர்ந்தது? வியாபாரம் பெருகவேண்டும் என்று அரசாங்கமே கடனட்டையை ஊக்குவித்தது. அட்டையில் செலவழித்தால் வரியில் சலுகை. அட்டை ரசீதுக்குக் குலுக்கலில் பரிசு. 2002-இல் அந்நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் புழங்கின. 2003-இன் முடிவில் கடனைக் கட்ட முடியாதவர் பட்டியலில் சுமார் 37 இலட்சம் பேர் இருந்தனர். தங்கம் கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் தவணையில் விழுந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். கஷ்டத்தைத் தியாகத்தால் வென்ற ஒரு தேசம், சௌகரியத்தின்முன் தோற்றது.

இன்றைய சந்தை

இப்பொழுது அட்டைகூட வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால், 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறது. பண்டிகை இல்லாத நாளுக்கும் பண்டிகை வைத்துவிட்டார்கள். 2009-இல் சீனத்துக் கம்பெனியொன்று நவம்பர் 11-ஆம் தேதியைத் தள்ளுபடி நாளாக்கியது. இன்று ஒன்பதாம் மாதம் ஒன்பது, பத்தாம் மாதம் பத்து என்று நமக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. மூன்று தவணையில் காலுறை வாங்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். தொகை சிறிதாக இருப்பதுதான் ஆபத்து. முப்பது வெள்ளித் தவணை யாரையும் பயமுறுத்துவதில்லை. அது பத்தாகச் சேரும்போதே முந்நூறு என்று தெரிகிறது. நம் நாட்டுக் குடும்பங்களின் மொத்தக் கடன், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 80 சதவீதத்திற்கும் மேல் இருக்கிறது.

முன் தவணையின் மகிமை

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நம் நாட்டிலேயே உலகம் மெச்சும் உதாரணம் ஒன்று இருக்கிறது. அந்நாளில் கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்காகத் தலையணைக்கடியில் பணத்தை ஒளித்து வைப்பதும், நிலத்தையும் மாட்டையும் விற்பதுமாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் பிழைப்புக்கு வழியிராது. இதைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ், 1959-இல் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதன்படி 1963-இல் ஹஜ்ஜுச் சேமிப்பு நிதி தொடங்கியது. அதுவே இன்றைய தாபுங் ஹாஜி. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் போட்ட பணம் சுமார் 46,600 வெள்ளி. ஆளுக்கு நாற்பது வெள்ளிகூட ஆகவில்லை. முதலில் சேர், பிறகு போ என்பதே அதன் முழுத் தத்துவம். முன் தவணை என்று நான் சொல்லுவது இதைத்தான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதும் இதே பாடந்தான். 2020 முதல் 2022 வரை ஊழியர் சேமநிதியிலிருந்து சுமார் 80 இலட்சம் பேர் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. முன்பே மாதந்தோறும் பிடிக்கப்பட்ட பணம், அடுப்பெரிய உதவியது. அந்தப் பையும் வற்றிவிட்டது என்பது இன்றைய கவலை. ஆனால் சேமநிதியே இல்லாதவர்கள் யார்? நம்மைப்போன்ற சிறு கடைக்காரர்கள்! நமக்கு மாதம் பிடிப்பவர் யாருமில்லை, நாமேதான் பிடித்துக்கொள்ளவேண்டும்.

தவணை கொடுப்பவன் யார்?

அல்-பகரா சூராவின் 282-ஆம் ஆயத்து திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து. அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை; கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு இரண்டு ஆயத்துக்கு முன்னால், 280-இல், கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரும்படி உபதேசம் இருக்கிறது. எழுதி வைப்பதும் நம் கடமை, பொறுத்துக்கொள்வதும் நம் கடமை.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு பொருளும் சந்திக்கின்றன. தானே தவணையில் நிற்பவன் பிறருக்குத் தவணை கொடுக்க முடியாது. 2021-ஆம் ஆண்டின் நடுவில் சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி ஏற்றியதை நாம் மறக்கவில்லை. அப்பொழுது அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடிந்த கடைக்காரர் யார்? கையிருப்பு உள்ளவர். மனமிருந்தும் போக முடியாதவர் யார்? வேனுக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் தவணை பாக்கியுள்ளவர். இரக்கத்துக்குங்கூட முதல் வேண்டும், சகோதரர்களே!

ஆகவே நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வையுங்கள். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுப்பதைச் சம்பளமாக எழுதுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி.

இரண்டாவது, விற்பதற்கு வாங்கும் கடன் வேறு, அனுபவிப்பதற்கு வாங்கும் கடன் வேறு. மொத்த வியாபாரியிடம் முப்பது நாள் தவணைக்கு எடுத்த சரக்கு முப்பது நாளில் விற்றுப் பணமாகுமா என்று பாருங்கள். ஆகாதென்றால் அதுவும் ஈய மன்றத்துக் கணக்குத்தான்.

மூன்றாவது, மூன்று மாதக் கடை வாடகையும் கூலியும் முன் தவணையாகச் சேர்ந்திருக்கட்டும். 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. முதல் நாள் தகவலும் மறுநாள் விலையுமாக வரும் காலம் இது. கையிருப்பே கேடயம்.

நான்காவது, ஊழியர் சேமநிதியில் சுயதொழில் செய்வோர்க்காக ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. 2025-இல் நாம் போடும் தொகைக்கு 20 சதவீதம், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்தது. சேமநிதி அலுவலகத்தில் நிபந்தனைகளை விசாரித்துச் சேருங்கள். கடன் ஏற்கெனவே கழுத்தைப் பிடித்திருந்தால், பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏகேபிகே நிலையம் இலவசமாக ஆலோசனை சொல்லுகிறது. அங்கே போவதில் வெட்கமில்லை.

ஐந்தாவது, நாம் விற்பவர்கள் என்பதையும் நினைவில் வைப்போம். வாங்குபவரின் நிலைமை நமக்குத் தெரியும். கட்டமாட்டார் என்று தெரிந்தும் பெரிய சாமானை அவர் தலையில் கட்டிவிட்டால், இன்றைக்கு ஒரு விற்பனை. நாளைக்கு அரிசி வாங்க வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் குறைவார். 'அடுத்த மாதம் வாங்கலாமே, அண்ணே' என்று சொல்லத் தெரிந்த கடைக்காரனை ஊர் மறப்பதில்லை.

கஷ்ட காலம் இன்னும் வரும். ஈயத்தில் வந்தது, நாணயத்தில் வந்தது, நோயில் வந்தது. அடுத்தது எதில் வருமென்று அல்லாஹ்வே அறிவான். அது வரும்போது கை நீட்டுபவர்களாக அல்லாமல், தவணை கொடுப்பவர்களாக நாம் இருக்க வல்ல நாயன் தவ்பீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

— காம்பார் கடைக்காரர் ஒருவர்