நிறையற்ற இடத்தில் ஏழு தொன் திணிவு

விண்வெளி நிலையங்களில் தங்குவோருக்கு உணவு, நீர், எரிபொருள் கொண்டுசெல்லும் ஆளில்லாக் கலங்களுள் முன்னோடி, சோவியத் ஒன்றியத்தின் 'புரொகிரஸ்'. 1978 ஜனவரியில் முதற்கலம் 'சல்யூட் 6' நிலையத்தை அடைந்தது. சரக்கை இறக்கியபின் அதில் குப்பையை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். வெப்பக்கவசம் இல்லாததால் வளிமண்டலத்தில் அது எரிந்துபோகும். (எங்கள் ஊர்க் குப்பை வண்டிக்கு இந்த வசதி இல்லை!)

வழக்கமாக இக்கலங்கள் தாமாகவே நிலையத்துடன் இணையும். 1997 ஜூன் 25 அன்று, குப்பையுடன் விலக்கப்பட்டிருந்த கலமொன்றை 'மிர்' நிலையத்துடன் கையால் இயக்கி மீண்டும் இணைக்கும் பரிசோதனை நடந்தது. தளபதி சிப்லியேவ், கலத்தின் கமரா அனுப்பிய படத்தைத் திரையில் பார்த்தே அதைச் செலுத்தினார். பின்னணியில் மேகம் மூடிய பூமி. தூரத்தை மதிப்பிடுவது கடினமாயிற்று.

கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகத்தில் வந்து மோதியது. மெதுவாகச் செல்லும் சைக்கிளின் வேகம்தானே, அதுவும் நிறையற்ற இடத்தில், என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே உணரப்படாதது நிறை மட்டுமே. திணிவு எங்கும் போய்விடாது. 7000 கிலோகிராமை 3 ஆல் பெருக்கிப் பாருங்கள், உந்தம் 21,000! அதைத் தடுக்க வீதியுமில்லை, உராய்வுமில்லை. எதிர்த்திசையில் வாயுவை உமிழ்ந்தே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

'ஸ்பெக்டர்' பகுதி துளைபட்டுக் காற்று கசிந்தது. அதன் வாயிலூடாகச் சென்ற மின்வடங்களைத் துண்டித்த பிறகே வாயிலை அடைக்க முடிந்தது. நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு போயிற்று. மூவரும் உயிர் தப்பினர். அங்கே தங்கியிருந்த அமெரிக்கர் மைக்கல் ஃபோலின் உடைமைகள்தான் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டன.