ஈரமும் வெப்பமும் மிக்க இடங்களில் வீட்டின் புறச்சுவர்ப் பூச்சு

சுவரின் மேல் பூசப்படும் சாந்து அழகிற்காக அமைவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அழகு அதன் பயன்களுள் ஒன்றே. வெயிலையும் மழையையும் முதலில் ஏற்றுச் சுவரைக் காப்பதே புறப்பூச்சின் தலையாய பணி. பழந்தமிழில் சுதை என்றும், கொத்தனார் வழக்கில் காரை என்றும் வழங்கும் இப்பூச்சைப் பற்றிய சில அடிப்படை உண்மைகளைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

கொங்கணம், கோவா, கேரளம் ஆகிய மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் மழைக்காலம் முடிந்ததும் ஒரு காட்சியைக் காணலாம். பழைய வீட்டின் சுவரில் பூச்சு உப்பித் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுகிறது. அதன் பின்னே வெண்மையான தூள் பூத்திருக்கிறது. வீட்டுக்காரர் கடன் வாங்கிப் புதிதாகப் பூசுகிறார். இம்முறை வலுவாக இருக்கட்டும் என்று சிமெண்டின் அளவை உயர்த்துகிறார். சில ஆண்டுகளில் அதே இடம் மீண்டும் உப்புகிறது. முன்னைவிடப் பெரிய பாளமாகப் பெயர்கிறது. பெயரும்போது சுவரின் மேற்பரப்பையும் உடன் கொண்டு செல்கிறது. கெட்டியான பூச்சே நல்ல பூச்சு என்னும் கருத்துத்தான் இங்குப் பிழைக்குக் காரணம். அது ஏன் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சுவருக்குள் நீர் புகும் வழிகள்

சுவருக்குள் நீர் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, காற்றால் சாய்ந்து வீசும் மழை. மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும் போதும். தந்துகிக் கவர்ச்சியால் நீர் உள்ளே இழுக்கப்படும். இரண்டாவது, நிலத்தின் ஈரம். அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை இல்லாத சுவரில் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலேறும். மூன்றாவது, வீட்டினுள் சமையல், குளியல், துவைத்தல் ஆகியவற்றால் எழும் நீராவி.

புகும் வழி மூன்றாயினும் பெரும்பாலும் வெளியேறும் வழி ஒன்றே. சுவரின் பரப்பிலிருந்து ஆவியாகி அது காற்றில் கலக்க வேண்டும். வறண்ட நாட்டில் இது விரைவில் நிகழும். கடற்கரையில் மழை மாதங்களில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மிக மெதுவாக நடைபெறும். ஆகவே அத்தகைய இடத்தில் சுவர் உலர்வதற்குக் கிடைக்கும் வாய்ப்பே குறைவு. அந்தச் சிறு வாய்ப்பையும் பூச்சு அடைத்துவிட்டால் சுவர் ஆண்டு முழுவதும் ஈரமாகவே நிற்கும்.

செங்கல் எவ்வளவு நீரை ஏற்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரணச் செங்கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்தால் அது ஏற்கும் நீர், அதன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மிகலாகாது என்பது வழக்கில் உள்ள வரம்பு. அதாவது 3 கிலோ எடையுள்ள நல்ல செங்கல்லே 600 கிராம் வரை நீரை ஏற்கக்கூடும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதனைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். தூய கல் 100 கிலோவுக்கு 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ வாயுவாகப் போகும். அதனுடன் நீர் சேர்த்தால் மிகுந்த வெப்பத்துடன் நீறிப் பொடியும். நீற்றிய சுண்ணாம்பைச் சாந்தாக்கிப் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சூளையில் விட்டதைச் சுவரில் திரும்பப் பெறுகிறது எனலாம். கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் எடுக்கப்படும் கக்கா என்னும் சிப்பிகளின் ஓடும் இதே பொருளால் ஆனது. அதிலிருந்து வெண்மையான சுண்ணாம்பு கிடைக்கிறது.

போர்ட்லண்டு சிமெண்டு வேறு வகையது. 1824ஆம் ஆண்டில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் இங்கிலாந்தில் இப்பெயரில் காப்புரிமை பெற்றார். சிமெண்டு நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது, காற்றை எதிர்நோக்குவதில்லை. விரைவில் இறுகுவதும், மிகுந்த வலிமை தருவதும் அதன் சிறப்புகள். ஆயினும் சிமெண்டு மிகுந்த சாந்து செறிவானது, வளைந்து கொடுக்காதது, நீராவியை எளிதில் விடாதது. சுண்ணாம்புச் சாந்தோ நுண்துளைகள் நிறைந்தது, சுவர் சிறிது அசைந்தாலும் உடன் இசைந்து கொடுப்பது, நீராவிக்கு வழிவிடுவது.

வெடிப்பு தோன்றுவது எவ்வாறு?

மேற்குப் பார்த்த சுவர் பிற்பகல் வெயிலில் நன்றாகச் சூடேறுகிறது. திடீரென மழை பெய்தால் உடனே குளிர்கிறது. 5 மீட்டர் நீளமுள்ள செங்கற்சுவரின் வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அதே நீளமுள்ள சிமெண்டுச் சாந்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீள முயலும். வேறுபாடு சிறிதெனினும் அது நாள்தோறும் நிகழ்வது. அதனுடன், சிமெண்டு மிகுந்த சாந்து உலரும்போது சுருங்கும் இயல்பும் சேர்கிறது. விளைவு, மயிரிழை வெடிப்பு.

இங்கேதான் கேடு தொடங்குகிறது. வெடிப்பின் வழியே மழைநீர் விரைந்து உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியேறவோ செறிவான பூச்சு தடையாக நிற்கிறது. நீர் நீராகப் புகுகிறது. ஆவியாக மட்டுமே வெளியேறக்கூடும். புகுவது விரைவு, வெளியேறுவது தாமதம்.

சிறைப்பட்ட நீர், சுவரிலும் மணலிலும் உள்ள உப்பைக் கரைக்கிறது. உலரும் இடத்தில் அந்த உப்பு படிகமாக உறைகிறது. பூச்சின் வெளிப்பரப்பில் உறைந்தால் வெண்பூப்பாகத் தோன்றும்; துடைத்துவிடலாம். பூச்சுக்குப் பின்னே உறைந்தாலோ, வளரும் படிகங்கள் துளைகளின் சுவர்களை நெருக்கிப் பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடும். ஆகையால் கடற்கரை மணலைச் சாந்துக்குப் பயன்படுத்தலாகாது.

செம்புரைக்கல்: ஒரு சான்று

1807ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் தம் பயண நூலில், மலபாரின் அங்காடிப்புரம் அருகே கண்ட கல்லுக்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். செங்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நாம் செம்புரைக்கல் என்கிறோம். வெட்டும்போது மென்மையாக இருக்கும் இக்கல் காற்றுப்பட்டுக் கடினமாகும். ஆனால் துளைகள் மலிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதியில், அம்மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டும்போது, இக்கல் பாதுகாப்பின்றி நிற்பது கடினம். ஆதலால் அங்குள்ள பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்புப் பூச்சு பெற்றிருந்தன.

பழைய கோவாவில் 1594இல் தொடங்கி 1605இல் அர்ப்பணிக்கப்பட்ட பாம் ஜீசஸ் தேவாலயம் செம்புரைக்கல்லால் ஆனது. அதன் வெளிச்சுவரில் இருந்த சுண்ணாம்புப் பூச்சு 1950களில் நீக்கப்பட்டது. கல்லின் செந்நிறம் கண்ணைக் கவர்கிறது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கல் நேரே நனைகிறது. மீண்டும் பூச வேண்டுமா என்னும் வினா இதனால் எழுந்துள்ளது. பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூசலாம். கல் தேய்ந்தால் ஈடு செய்ய இயலாது. பூச்சு சுவருக்காகத் தன்னை இழக்கும் பொருளாக அமைய வேண்டும். எனவே பூச்சு, தான் பற்றியிருக்கும் சுவரைவிட வலிமை குறைந்ததாகவும், அதைவிட எளிதாக ஆவியை விடுவதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே விதி. உள்படையைவிட வெளிப்படை வலிமை குறைந்திருக்க வேண்டும் என்பதும் இதன் கிளை விதியாகும்.

எங்கு எதனைப் பூசுவது?

இதனால் சிமெண்டு விலக்கத்தக்கது என்று கொள்ளலாகாது. கான்கிரீட்டுச் சுவருக்கும், நன்கு வெந்த கெட்டியான செங்கற்சுவருக்கும் 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் என்னும் கலவை பொருந்தும். மழை மிகுந்த இடத்தில் 1 பங்கு சிமெண்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்னும் கூட்டுச் சாந்து மேலும் ஏற்றது. சுண்ணாம்பு சேர்வதால் சாந்து குழைவாகி வெடிப்பும் குறைகிறது. செம்புரைக்கல், மண்சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கற்சுவர் ஆகியவற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சே உரியது. சுண்ணாம்பு 1 பங்குக்கு, மணலும் சுர்க்கியும் சேர்ந்து 2 முதல் 3 பங்கு கொள்வது வழக்கம். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் நுண்தூள். அது சுண்ணாம்புடன் வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தருகிறது. அளவுக்கு மேல் வெந்த செங்கல்லின் தூளுக்கு அத்திறன் இல்லை. சிமெண்டுப் பூச்சு, சிமெண்டு–சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றுக்கு இந்தியத் தரநிலை 1661ம், சுண்ணாம்புப் பூச்சுக்கு இந்தியத் தரநிலை 2394ம் வழிகாட்டுகின்றன.

பூசும் முறையில் கவனிக்க வேண்டியவை:

1. கல்லிடைச் சாந்தைச் சுமார் 10 மி.மீ. ஆழம் கீறி, தூசு நீக்கி, சுவரை நனைத்த பின்னரே பூச வேண்டும்.

2. முதற்படை 12 மி.மீ. கனத்தில் பூசி, பிடிப்புக்காகக் கீறிவிட வேண்டும். அது இறுகிய பின்னரே 8 மி.மீ. அளவில் இரண்டாம் படை இட வேண்டும்.

3. சிமெண்டுச் சாந்தை நீர் சேர்த்த அரை மணிக்குள் பூசிவிட வேண்டும். பூசியபின் 7 நாட்களேனும் ஈரமாக வைக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சைக் கடும் வெயிலும் பெருமழையும் படாமல் மறைத்துக் காக்க வேண்டும். ஆதலால் மழை ஓய்ந்த பின் உள்ள மாதங்களே இப்பணிக்கு ஏற்றவை.

4. பூச்சை நிலமட்டம் வரை இறக்கலாகாது. இறக்கினால் நிலத்தின் ஈரம், ஈரத்தடுப்புப் படையைத் தாண்டிப் பூச்சின் வழியே ஏறும்.

5. பூச்சின்மேல் ஆவி விடாத வண்ணப்பூச்சைத் தடவினால் முன்செய்த பணி வீணாகும். சுண்ணாம்பு வெள்ளையடித்தல் துளைகளை அடைப்பதில்லை. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பாசி படர்வதையும் குறைக்கிறது.

எத்தகைய பூச்சாயினும் அகன்ற இறவாரமும், சன்னல்களின் மேல் நீர்வடி விளிம்புள்ள மழைமறைப்பும் இன்றி நெடுநாள் நிற்காது.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

முதற்சோதனை: எடை நிறுத்த உலர்ந்த செங்கற்கள் இரண்டு எடுத்துக்கொள்க. ஒன்றைப் பாலித்தீன் தாளால் முழுதும் சுற்றி ஒட்டி, ஒரு பக்கத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் கீறித் திறந்துவிடுக. திறந்த பக்கம் நீரில் படும்படி ஓரிரவு வைத்து மறுநாள் எடை காண்க. சுற்றப்படாத செங்கல்லையும் ஏறத்தாழ அதே அளவு நீர் ஏறும் வரை நனைத்திடுக. பின் இரண்டையும் நிழலில் வைத்து நாள்தோறும் எடை குறித்து, வரைபடம் வரைக. சுற்றப்பட்ட செங்கல் நீரை ஏற்றதற்கும் இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் தாமே உணர்வர்.

இரண்டாம் சோதனை: தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியே மெல்ல ஊதச் செய்க. மூச்சிலுள்ள கரியமிலவாயுவால் நீர் பால்போல் கலங்கும். சுவரில் சுண்ணாம்பு இறுகுவதும் இவ்வினையாலேயே. ஊதும்போது நீரை உறிஞ்சாதிருக்க எச்சரிக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றுவதை மாணவரிடம் ஒப்படைக்கலாகாது. அது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்யும்.

மூன்றாம் சோதனை: கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மணலிட்டு, சிறிது உப்புக் கரைத்த நீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க. மணலின் மேல் படியும் வண்டல், மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேற்பட்டால் அம்மணலைக் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

முடிவுரை

பெயர்ந்த பூச்சைக் காட்டி ஒருவர் கருத்துக் கேட்கும்போது, எவ்வளவு சிமெண்டு சேர்க்கலாம் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கலாகாது. நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே வெளியேறும், அடியிலுள்ள சுவர் எத்தகையது என்னும் மூன்று வினாக்களை முதலில் எழுப்புக. சிறிய கட்டையால் சுவரைத் தட்டிப் பார்த்தால் பொள்ளலான ஓசை தரும் இடங்கள் தெரியும். நன்றாகப் பற்றியுள்ள பழைய சுண்ணாம்புப் பூச்சை இடிக்கச் சொல்லாமல், அவ்விடங்களை மட்டும் அதே வகைச் சாந்தால் செப்பனிடச் சொல்க. சுவர் நனைவதை முற்றிலும் தடுக்க எந்தப் பூச்சாலும் இயலாது. நனைந்த சுவரை உலரவிடும் பூச்சையே தேர்ந்தால், எளிய குடும்பம் ஒரே வேலைக்கு மீண்டும் மீண்டும் கடன்படும் நிலையைத் தவிர்க்கலாம்.