மேனேஜர் மாறினால் ஆட்டம் மாறுமா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஒரு கால்பந்து டீம் தொடர்ந்து நாலு மேட்ச் தோற்றால் போதும், "மேனேஜரைத் தூக்கு!" என்று குரல் கிளம்பிவிடும். பல கிளப்புகளில் தூக்கியும் விடுகிறார்கள். புது ஆள் வருகிறார், கை குலுக்குகிறார், போட்டோவுக்கு நிற்கிறார். சரி, அதற்கப்புறம்? பந்தை உதைப்பது பிளேயர்கள். கோட்டுக்கு வெளியே கோட் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதர் ஒரு டீமின் ஆட்டத்தையே மாற்றிவிட முடியுமா?

டீக்கடையில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். "எல்லாம் கோச் கையிலதான் இருக்கு" என்பார் ஒருவர். "பிளேயர் சரியில்லாம கோச் என்னய்யா பண்ணுவாரு?" என்பார் இன்னொருவர். நாம் லேபில் கற்ற முறையில் இதைப் பார்ப்போம். ஒன்றின் விளைவை அறிய வேண்டுமானால் அதை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

கால்பந்தில் இதுதான் கஷ்டம். புது மேனேஜர் வந்தால் கூடவே புது பிளேயர்களும் வந்துவிடுவார்கள். எது யாரால் நடந்தது என்று பிரிக்க முடியாது. ஆகவே பிளேயர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க, மேனேஜர் மட்டும் மாறிய ஓர் உதாரணம் நமக்கு வேண்டும். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப்பில் அது கிடைக்கிறது.

1. முதலில், ஆட்ட பாணி என்றால் என்ன?

பாணி வேறு, திறமை வேறு. பந்தைக் காலில் அடக்குவது, குறி பார்த்து அடிப்பது இதெல்லாம் திறமை. சிறு வயதிலிருந்து சேர்ந்தது; எந்த மேனேஜரும் ஒரு மாதத்தில் ஊட்டிவிட முடியாது.

பாணி என்பது மூன்று கேள்விகளுக்கான பதில். பந்து நம்மிடம் இருக்கும்போது யார் எங்கே நிற்பது? பந்து எதிரியிடம் இருக்கும்போது யார் யாரைப் பிடிப்பது? பந்து கை மாறும் அந்த நொடியில் எந்தப் பக்கம் ஓடுவது? மூன்றுமே இடம், தூரம், நேரம் சம்பந்தப்பட்டவை. லேத் அதே லேத், ஜாப் அதே ஜாப். ஆனால் ஸ்பீடையும் ஃபீடையும் மாற்றினால் கிடைக்கும் ஃபினிஷ் வேறு அல்லவா? மேனேஜரின் கை இருக்கும் இடம் அதுதான்.

2. லீட்ஸில் நடந்தது

லீட்ஸ் 2004-இல் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிய கிளப். 2017-18 சீசனில் அது இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் லீக்கில் இருந்தது. மொத்தம் 24 டீம்கள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். அந்த சீசனின் நடுவிலேயே, 2018 பிப்ரவரியில், மேனேஜர் கிறிஸ்டியான்சனை அனுப்பிவிட்டு ஹெக்கிங்பாட்டமைக் கொண்டுவந்தார்கள். ஆள் புதுசு, ஆட்டம் பழசு! மீதி 16 ஆட்டங்களில் 4 வெற்றிதான். 60 புள்ளிகளோடு 13-ஆம் இடத்தில் முடித்தது.

2018 ஜூனில் அர்ஜென்டினாக்காரரான மார்செலோ பியெல்சா வந்தார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதல் ஆட்டம், ஸ்டோக் சிட்டிக்கு எதிராக. இறங்கிய பதினொரு பேரில் புதிதாக வாங்கப்பட்டவர் பாரி டக்ளஸ் ஒருவர்தான். மற்ற பத்து பேரும் ஏற்கெனவே கிளப்பில் இருந்தவர்கள். ஸ்கோர் 3-1, லீட்ஸ் வெற்றி.

ஒரு மேட்சை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. எனவே முழு சீசன்களைப் பாருங்கள்.

2017-18: 60 புள்ளி, அடித்த கோல் 59, வாங்கிய கோல் 64, 13-ஆம் இடம்.
2018-19: 83 புள்ளி, அடித்தது 73, வாங்கியது 50, 3-ஆம் இடம்.
2019-20: 93 புள்ளி, அடித்தது 77, வாங்கியது 35, முதலிடம்.

பதினாறு வருஷம் கழித்து 2020-இல் லீட்ஸ் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. அங்கேயும் 2020-21-இல் 59 புள்ளிகளோடு 9-ஆம் இடம்.

3. எதை மாற்றினார்?

அ) நிற்கும் இடம். எதிரணியில் எத்தனை ஃபார்வர்டோ, அதைவிட ஒருவர் கூடுதலாகப் பின்னால் இருக்க வேண்டும் என்பது பியெல்சாவின் கணக்கு. ஒரு ஃபார்வர்ட் என்றால் நடுவில் இரண்டு டிஃபெண்டர். இரண்டு ஃபார்வர்ட் என்றால் மூன்று. மற்ற இடங்களில் ஆளுக்கு ஆள் பிடி. உள்ளூர்ப் பையன் கால்வின் ஃபிலிப்ஸை டிஃபெண்டர்களுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வேலையைக் கொடுத்தார். அதே ஃபிலிப்ஸ் 2021 ஜூலையில் யூரோ கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்காக ஆடினார்.

ஆ) உடல். பியெல்சாவின் பயிற்சியில் ஒன்றுக்கு 'மர்டர்பால்' என்றே பெயர் விழுந்தது. பதினொருவருக்குப் பதினொருவர் ஆட்டம். ஆனால் நிறுத்தமே கிடையாது. பந்து வெளியே போனால் அடுத்த பந்து உடனே உள்ளே வரும். மேட்சைவிட பிராக்டிஸ் கடினமாக இருந்தால் மேட்சில் கால் தளராது. எதிரியை மைதானம் முழுக்கத் துரத்தும் பாணிக்கு இந்த உடல் இல்லாமல் முடியாது.

இ) ஹோம்வொர்க். 2019 ஜனவரியில் டெர்பி கவுன்டியின் பயிற்சியைப் பார்க்க ஆள் அனுப்பியதாகப் பெரிய சர்ச்சை. லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம். அதைப் பியெல்சாவே கட்டினார். அப்போது அவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தன் குழு எதிரணிகளை எப்படி ஆராய்கிறது என்று விளக்கினார். டெர்பி முந்தைய சீசனில் ஆடிய 51 ஆட்டங்களையும் பார்த்திருந்தார்கள். ஓர் ஆட்டத்தை ஆராய 4 மணி நேரம். ஆள் அனுப்பியதை நாம் ஆதரிக்க வேண்டாம். அந்த உழைப்பைக் கவனிப்போம்.

இங்கே மாத்தேயுஷ் கிளிக் என்ற போலந்து மிட்ஃபீல்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2018 ஜனவரியில் 'இவர் இப்போதைக்கு வேண்டாம்' என்று ஹாலந்தின் உட்ரெக்ட் கிளப்புக்கு லோனில் அனுப்பப்பட்டவர். பியெல்சா வந்த பிறகு முதல் மேட்சில் முதல் கோல் அவருடையது! அதிலிருந்து தொடர்ந்து 92 லீக் ஆட்டங்களில் ஆரம்ப அணியில் இறங்கினார். ஆறு மாதத்தில் அவருக்குப் புதுக் கால் முளைத்துவிடவில்லை. சரியான இடமும் தெளிவான வேலையும் கிடைத்தன, அவ்வளவுதான்.

4. எவ்வளவு நாள் பிடிக்கும்?

பியெல்சாவுக்கு சீசன் தொடங்கும் முன் சில வாரங்கள் இருந்தன. தாமஸ் டூக்கலுக்கு அதுவும் இல்லை. 2021 ஜனவரி 26-இல் செல்ஸியின் பொறுப்பை ஏற்றார், மறுநாளே மேட்ச். டீம் அப்போது 9-ஆம் இடத்தில். அவர் பின்னால் மூன்று டிஃபெண்டர், இரு ஓரத்திலும் ஓடி ஓடி வர ஆளுக்கொருவர் என்று அடுக்கை மாற்றினார். முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. வாங்கிய கோல் இரண்டே இரண்டு. மே 29-இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை! ஆக, தற்காப்பு அடுக்கைச் சில நாட்களிலேயே சீர் செய்யலாம். ஆனால் முழு டீமும் ஒரே மூச்சாக ஓடும் பழக்கம் வர மாதங்கள் ஆகும்.

இன்னொரு எச்சரிக்கை. மேனேஜரை எப்போது நீக்குகிறார்கள்? டீம் அடிமட்டத்தில் இருக்கும்போது. அதிலே கெட்ட நேரமும் கொஞ்சம் கலந்திருக்கும்; யார் வந்தாலும் அடுத்த சில ஆட்டங்கள் சற்று மேலே ஏறத்தான் செய்யும். சுவிட்ச் போட்டவுடன் மீட்டர் முள் துள்ளுவது மாதிரி இது. முள் நின்ற பிறகுதானே நாம் ரீடிங் எடுப்போம்?

5. எல்லை எங்கே?

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஆளுக்கு ஆள் பிடிக்கும் பாணியில் ஒருவர் ஏமாந்தால், அதை அடைக்க இன்னொருவர் தன் ஆளை விட்டு வர வேண்டும். ஓட்டை அடுத்தடுத்துப் பெருகும். 2021-22-இல் ஃபிலிப்ஸ், கூப்பர், பாம்ஃபோர்ட் மூவரும் காயத்தில் வெளியே இருந்தார்கள். பியெல்சா சிறிய அணியையே விரும்புபவர். மாற்று ஆட்கள் குறைவு. 2022 பிப்ரவரியில் 5 ஆட்டங்களில் லீட்ஸ் 20 கோல் வாங்கியது. 27-ஆம் தேதி பியெல்சா நீக்கப்பட்டார்.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? அந்த சீசனின் கடைசி நாளில்தான் லீட்ஸ் தப்பியது. அடுத்த சீசனில் மார்ஷ், கிராசியா, அலர்டைஸ் என்று வரிசையாக ஆள் மாற்றியும் 2023 மே மாதத்தில் கீழே இறங்கியது. வருகிற ஒவ்வொருவரும் முந்தியவர் போட்ட அடுக்கைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால், பிளேயர்களின் காலில் எந்தப் பழக்கமும் படியாது.

6. முடிவு

புது மேனேஜரால் ஆட்ட பாணியை மேம்படுத்த முடியும். ஆனால் அவர் புதியவர் என்பதால் அல்ல. அன்றாடப் பயிற்சியில் எதையாவது உறுதியாக மாற்றினால் மட்டுமே. இனி ஒரு டீமில் மேனேஜர் மாறினால் இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள். பிளேயர்கள் நிற்கும் இடம் மாறியதா? பந்து போனதும் அவர்கள் செய்வது மாறியதா? பத்துப் பன்னிரண்டு ஆட்டம் தாண்டியும் அந்த மாற்றம் நிற்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நம்பலாம். இல்லையென்றால் மாறியது போட்டோ மட்டும்தான்!

நண்பர்களே, நாளை நாமும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறவர்கள். அங்கே நமக்குக் கிடைப்பது பழைய மெஷினும், 'இவன் தேறமாட்டான்' என்று முத்திரை குத்தப்பட்ட சில ஆட்களுமாக இருக்கலாம். "ஆளை மாத்துங்க சார்" என்று சொல்வது சுலபம். அதற்கு முன்னால், அந்த ஆளை அவனுக்குரிய இடத்தில் நிறுத்திப் பார்த்தோமா என்று ஒரு தரம் யோசிப்போம். அந்தக் கூட்டத்தில் ஒரு கிளிக் இருக்கக்கூடும்!