சுழியத்தை நோக்கி ஒரு கட்டடம்

நுழையும்முன்

ஒரு தொழிற்கூடம் பொருளை மட்டும் ஆக்குவதில்லை. வெப்பத்தையும் கழிவுநீரையும் கரிவளியையும் சேர்த்தே ஆக்குகிறது. இயற்கையிடம் கடன்படாமல் ஒரு தொழிலை நடத்த இயலுமா? இவ்வினாவுக்குக் கட்டடத்தின் வழியாக விடை தேடிய ஒரு பல்கலைக்கழகத்தை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

கற்பிக்கும் கட்டடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டேவிஸ் நகரில் அமைந்துள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பும் ஒயின் ஆக்கமும் தனித்துறையாகக் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சிக்கும் ஆய்வுக்குமென 2010இல் திறக்கப்பட்ட அதன் ஒயின் ஆலை, பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் தரச்சான்றினைப் பெற்றது. அதற்குத் துணையாக, 2013இல் ஜெஸ் ஜாக்சன் பெயரிலான கட்டடம் திறக்கப்பட்டது. வேதிப் பொறியியல் அறிஞரான பேராசிரியர் ரோஜர் பௌல்டனின் சிந்தனை இம்முயற்சிக்கு வழிகாட்டியது.

சிக்கனமே முதற்படி

ஓராண்டில் தான் நுகரும் ஆற்றலுக்கு நிகரான ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க வழியில் தானே ஆக்கிக்கொள்ளும் கட்டடம், நிகரச் சுழிய ஆற்றல் கட்டடம் எனப்படும். இதில் முதற்படி ஆக்கம் அன்று, சிக்கனமே. பழச்சாறு நொதிக்கும்போது வெப்பம் வெளிப்படும். அதனைத் தணிக்கக் குளிரூட்டல் வேண்டும். டேவிஸில் கோடைப் பகல் வெம்மை மிக்கது. இரவிலோ கடற்புறத்திலிருந்து குளிர்காற்று வீசும். இரவுக் காற்றால் கட்டடத்தைக் குளிர்வித்து, அக்குளிர்ச்சியை வெப்பக் காப்புச் சுவர்களால் பகலில் காத்துக்கொண்டால் மின்தேவை குறையும். எஞ்சிய தேவையைச் சூரிய மின்தகடுகள் நிறைவு செய்யும்.

மழையும் அறுவடையும்

ஒயின் ஆலையில் நீர் பெரிதும் செலவாவது கலன்களைக் கழுவுவதற்கே. டேவிஸில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது; திராட்சை அறுவடையோ அதற்கு முன்னரே, வறண்ட பருவத்தில் நிகழ்கிறது. ஆகவே, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்து வைக்கவும், கழுவிய நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தவும் திட்டமிடப்பட்டது.

கரிவளியின் கணக்கு

வேதிச் சமன்பாட்டின்படி, 180 கிலோ குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 92 கிலோ எத்தனாலும் 88 கிலோ கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். மூடிய கூடத்தில் இவ்வளி தேங்கினால் உயிருக்கே இடர். விசிறிகளால் அதனை வெளியேற்றினால் மின்சாரம் செலவாகும். ஆதலால், கலன்களிலிருந்தே குழாய் வழியாகத் திரட்டி, கால்சியம் கார்பனேட்டாக மாற்றும் வழிமுறை வகுக்கப்பட்டது. ஆயினும், அதற்குத் தேவையான சுண்ணாம்பு, சுண்ணக்கல்லைச் சுட்டுப் பெறப்படுமாயின், சூளையிலும் அதே வளி வெளியேறும். கட்டடத்தின் சுவரோடு கணக்கை முடித்துக்கொள்வது முழுமையான அறம் ஆகாது.

இக்கட்டடத்தில் பயிலும் மாணவர் நாளை தொழிற்கூடங்களை நடத்துவர். இங்கே அவர்கள் பெறும் பழக்கம், அங்கே நடைமுறையாகும். ஆக்கும் பொருள் எதுவாயினும், எடுத்ததற்கும் விடுத்ததற்கும் கணக்குக் காட்டும் நேர்மையே இக்கட்டடம் புகட்டும் பாடம்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளியில் ஒரு மாதத்தில் செலவாகும் மின்சாரத்தையும் நீரையும் கணக்கிட்டு, முதலில் எவற்றைக் குறைக்கலாம் எனக் குழுவாகக் கலந்துரையாடுக.