ஷூ கம்பெனி வேலையா? பள்ளி நாட்களைத் தவறவிடாதீர்கள்!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

• காலண்டரில் வட்டமிடுங்கள்: ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம். பேச்சு, ஓவியப் போட்டி இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பிள்ளையிடம் கேளுங்கள். வேஷம், சார்ட்டுக்காகக் கடைசி இரவில் அலைய வேண்டாம்.

• ஜூலை 10 நம்ம ஊர் நாள்: 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது அன்றுதான். அதையொட்டி வரும் ஞாயிறன்று கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். பேச்சுப் போட்டிக்குத் தலைப்பும் கிடைக்கும்.

• பள்ளி மேலாண்மைக் குழு: கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டத் தேதியை முன்கூட்டியே கேட்டு, சூப்பர்வைசரிடம் பர்மிஷன் சொல்லி வையுங்கள். முடியாவிட்டால் பாட்டியோ சித்தியோ போய்க் கேட்டு வரட்டும்.

• பிறை பார்த்து வரும் விடுமுறை: ரம்ஜான், பக்ரீத் தேதி ஒருநாள் தள்ளிப்போகலாம். தேர்வு நெருக்கத்தில் வந்தால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடும் அறிவிப்பைப் பார்த்தபின் ஊருக்கு டிக்கெட் எடுங்கள்.

• சந்தேகமா? பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.