கேட்டால் திறக்கும் கதவு

1998 முதல் பழந்தமிழ் நூல்களை வழங்கிவரும் மதுரைத் திட்டத்தின் தளத்தை விடுதியில் திறந்தேன். ‘தடை’ என்றது திரை.

தளப்பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். முறை 1983-இல் பிறந்தது. தடையை அங்கேயே வைக்கலாம். ஆகவே வேறு டி.என்.எஸ். அமைத்தேன், பயனில்லை.

ஏன்? எச்.டி.டி.பி.எஸ். நம் கடிதத்தை உறையிலிட்டு மூடுகிறது. ஆயினும் உறைமீது தளப்பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே நிற்கிறது. வலையமைப்பின் வாயிற்காவல் அதனைப் படித்துவிடுகிறது.

இலவச வி.பி.என். ஒன்றை நிறுவுமாறு கூறினார் அறைத்தோழர். அது உறையையே மறைக்கும். ஆனால் நம் கடிதங்கள் அனைத்தும் முன்பின் அறியாதவர் கைவழியே செல்லுமே! நான் துணியவில்லை.

தளப்பெயரையும் பாடத்தேவையையும் எழுதிக் கணினி மையத்தில் விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் தடை நீங்கியது. எனக்கு மட்டுமன்று, விடுதி முழுமைக்கும். கள்ளச்சாவி ஒருவருக்கே உதவும். கேட்டுத் திறந்த கதவோ எல்லோருக்கும் உதவும்.