கண்மாய்க்குள் கிடக்கும் மணிச்சத்து



பொன்னமராவதிக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் எத்தனை கண்மாய்கள்! வற்றிக் கிடந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நம்ம வயலை விட்டு ஓடிப்போன சத்து அங்கேதான் படுத்துக் கிடக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

பயிருக்கு முக்கியமானவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. முதல் இரண்டும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரசும், சுற்றி வரும் பாதை வேறு வேறு.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக்கித் தருகிறது. கொழுஞ்சியிலும் இதே கதைதான்; அதனால்தான் அதை மடக்கி உழுதார்கள். இதே வேலையை 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். இன்றைய யூரியா ஆலைகளுக்கு அதுவே அடிப்படை.

வந்த நைட்ரஜன் திரும்பியும் போகும். தண்ணீர் கட்டிய நெல் வயலின் காற்றில்லாச் சேற்றில், வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்வது சும்மா இல்லை!

பாஸ்பரசுக்கு இந்த வாயு வழி கிடையாது. பாறை கரைந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்கு, அங்கிருந்து ஆடு மாடு மனிதருக்கு, பிறகு சாணமாகவும் சருகாகவும் மறுபடி மண்ணுக்கு. செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மழையில் மேல்மண் அரித்துப் போனால் மணிச்சத்தும் கூடவே போகும். எங்கே? கண்மாய்க்கு! கலிங்கு தாண்டினால் அடுத்த கண்மாய், கடைசியில் கடல். கடலடியில் படிந்தது பாறையாகி மேலே எழும்ப கோடிக்கணக்கான வருஷம் ஆகும்.

நம்ம முன்னோர் அதுவரை காத்திருக்கவில்லை. கோடையில் வண்டல் வெட்டி மாட்டு வண்டியில் வயலுக்கு ஏற்றினார்கள். மேட்டுப் புல்லை மேய்ந்த ஆடுகளை ராத்திரி வயலில் கிடை போட்டார்கள். அறுந்துபோகும் சுழற்சியை மண்வெட்டியால் முடிச்சுப் போட்டவர்கள் அவர்கள்.

வண்டல் எடுக்காவிட்டால் நஷ்டம் இரட்டிப்பு. கண்மாயில் தண்ணீர் கொள்ளாது, வயலும் மெலியும். 50 கிலோ டிஏபி மூட்டையில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 23 கிலோ. கணக்குப் போட்டால் தனி பாஸ்பரஸ் 10 கிலோதான். அதற்கான பாறையையும் மொராக்கோ, ஜோர்டான் என்று கடல் தாண்டி வாங்குகிறோம். அளவுக்கு மீறிப் போட்டாலோ, ஓடிவந்த சத்தில் பாசியும் ஆகாயத்தாமரையும் கண்மாயை மூடிவிடும்.

வண்டல் போட்டால் உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண் பரிசோதனை செய்து, குறைவதை மட்டும் வாங்கினால் போதும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-ல் அரசு வழி செய்திருக்கிறது. ஆனால் எவ்வளவு ஆழம் வெட்டுவது? வண்டலைத் தாண்டித் தோண்டினால் கண்மாய் பள்ளமும் படுகுழியுமாகிவிடும். அங்கேதான் லெவல் கருவி பிடிக்கத் தெரிந்த சிவில் நண்பர்கள் வேண்டும்!

அடுத்த கோடை லீவில், ஐப்பசி மழைக்கு முன்னால், உங்க ஊர்க் கண்மாயை ஒருதரம் அளந்து பாருங்களேன்.